வருடம் கேட்கக் கூடாது

தம்பி,

இதை எழுதச் சொன்னது அம்மா இல்லை. முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் உறையில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததும் நீ அப்படித்தான் நினைத்திருப்பாய். அம்மாவுக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது. தெரியாது என்றுதான் நம்புகிறேன். ஆனால் நேற்றுப் பின்னேரம் நான் எழுதிக்கொண்டிருந்தபோது தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டு இரண்டு தரம் மேலே ஏறி வந்தாள். அவளுடைய முழங்காலுக்கு இந்தப் படிகள் ஒத்துவராது என்பது உனக்குத் தெரியும். எனவே அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தொலைபேசியில் அனுப்பியிருக்கலாம். ஆறு கிழமையாக நான் அனுப்புகிறவற்றுக்கெல்லாம் நீலச் சரி அடையாளம் விழுகிறது, பதில் வருவதில்லை. நீ படித்துவிட்டு விடுகிறாயா, படிக்காமல் திறந்து மூடுகிறாயா, உன் மதுரா பக்கத்தில் இருந்து பார்க்கிறாளா என்று யோசித்தே எனக்குப் பொழுது போகிறது. கடிதம் என்றால் அந்தக் கவலை இல்லை. நீ கிழித்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை காலை அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கினாள். மினுக்கியதைச் சாமித் தட்டில் வைக்காமல் பழைய துவாயில் சுற்றிப் பயணப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் நிறைகுடச் செம்பும் போனது. நான் குசினி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"விளக்கு எங்க போகுது?" என்று கேட்டேன்.

"ஹரோவுக்கு."

"ஹரோவில ஆருக்கு விளக்கில்லை?"

அம்மா நிமிரவில்லை. "பொன்னுருக்கு உங்கட தம்பி வீட்டில வைக்கிறதெண்டு பிள்ளை முடிவெடுத்திட்டான். புதன்கிழமை காலமை. உங்களையும் வரச் சொன்னவன்."

தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டில். நகை செய்கிற பத்தர் வந்து மாப்பிள்ளையின் முன்னால் அடுப்பு மூட்டி, பெண் பகுதிச் சனம் பார்த்துக்கொண்டிருக்க உருக்குவார். எங்கள் சனம் எத்தனையோ பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்தது, இதை மட்டும் விடவில்லை. இந்த லண்டனில் புகை எச்சரிக்கை மணியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாவது செய்கிறார்கள். அந்த மாப்பிள்ளை வீடு என் வீடு இல்லை என்று நீ முடிவெடுத்திருக்கிறாய். என் மகனின் பொன்னுருக்குக்கு எனக்கு அழைப்பு வந்திருக்கிறது, அயலட்டைக்குச் சொல்வதுபோல. எனக்கு அது சுட்டது தம்பி. இன்னும் சுடுகிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன், வேறு காரணம் இருப்பதாகத் தேடாதே.

நான் சந்தேகக்காரன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. இருபத்திரண்டு வருடம் ஸ்டேஷன் கேற்றடியில் நின்றவன் வேறு எப்படி இருப்பான்? மீசை முளைத்தவன் பிள்ளை டிக்கெட்டோடு வருவான். முன்னால் போகிறவரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒருவர் கடப்பார். முகத்தைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும்; பொய் சொல்லுகிறவனின் கால் கேற்றுக்கு இரண்டு அடி முன்னாலேயே வேகத்தை மாற்றிவிடும். அங்கே படித்ததை நான் அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பதினேழு வயதில் நீ ஈஸ்ட்ஹாமுக்கு ரியூஷன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாய். ஒரு நாள் பஸ்சில் உனக்கு நாலு வாங்கு பின்னால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நானும் வந்தேன். நீ ரியூஷனுக்குத்தான் போனாய். நான் அடுத்த தரிப்பில் இறங்கி, வாழைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த கிழமையிலிருந்து நீ ஃபிரிஜ் கதவில் உன் நேர அட்டவணையை ஒட்டத் தொடங்கினாய்: எத்தனை மணிக்கு எங்கே, எந்த பஸ், எப்போது திரும்புவாய். நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன், பிள்ளைக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று வேலையிடத்திலும் சொன்னேன். பஸ் கண்ணாடியில் என்னை நீ பார்த்துவிட்டாய் என்று அம்மா எனக்குச் சொன்னது, நீ லீட்சுக்குப் படிக்கப் போன பிறகு. பதினெட்டு மாதமாக என் மகன் எனக்குத் தினமும் வாக்குமூலம் எழுதி ஒட்டியிருக்கிறான், நான் அதை வாசித்துவிட்டுப் பால் எடுத்திருக்கிறேன்.

நீ போன அந்த வருடம்தான் உன் அறையில் மாதிரி ரயில் கட்டத் தொடங்கினேன். யாரோ பயணி குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போன ஒரு படப் புத்தகம். அதில் மேற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கடைசி ஸ்டேஷன்: ஒரு மேடை, ஒரு சிக்னல் பெட்டி, இரண்டு கருஞ்சிவப்புப் பெட்டியோடு குட்டி நீராவி இயந்திரம். அதை எழுபத்தாறில் ஒரு பங்காகச் செய்வது என்று பிடித்துக்கொண்டேன். ஐம்பத்தைந்தாம் ஆண்டு கோடை. அந்தக் கோடையில் இல்லாத எதுவும் என் பலகையில் இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். தெருவோரம் மஞ்சள் கோடு கூடாது, அது பிறகு வந்தது. புகைபோக்கியில் தொலைக்காட்சி அன்ரெனா ஊருக்கு ஒன்றோ இரண்டோ, அதுவும் வசதியான வீட்டில். மேடையில் தொப்பி இல்லாத ஆண் நிற்கக் கூடாது. இயந்திரத்தின் பக்கவாட்டில் சிங்கச் சின்னம்: ஐம்பத்தாறு வரைக்கும் சிங்கம் சக்கரத்தின் மேல் நிற்கும், அதற்குப் பிறகு வந்த சிங்கம் கிரீடத்துக்குள்ளிருந்து எழும்பிச் சக்கரத்தைக் கையில் பிடித்திருக்கும். நான் வாங்கிய இயந்திரத்தில் இருந்தது இரண்டாவது சிங்கம். அதைச் சுரண்டி எடுத்து முதலாவதை ஒட்ட எனக்கு மூன்று கிழமை சென்றது. அம்மா பூதக்கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்துவிட்டு, "சிங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், நீங்கள் காசு குடுத்து வாங்கி ஒட்டுறியள்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

ஃபாரஸ்ட் கேட் தேவாலய மண்டபத்தில் கூடும் மாதிரி ரயில்காரர்களிடம் நான் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். முதலில் அவர்கள் என்னை மரியாதையோடு தள்ளி வைத்தார்கள், நான் அவர்களைச் சந்தேகத்தோடு தள்ளி வைத்தேன். பிறகு என் கண் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் அது எந்த வருடம் என்று சொல்லிவிடுவேன். பெட்டியின் நிறம், காரின் நம்பர் தகடு, பெண்களின் பாவாடை முழங்காலுக்கு மேலா கீழா. ஒரு நாள் ரொன் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரர் தன் தகப்பன் எடுத்த படத்தைக் காட்டினார். தான் பிறந்த அன்று காலை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அப்பா எடுத்தாராம், ஐம்பத்துமூன்றில். நான் இயந்திரத்தின் சிங்கத்தைக் காட்டி, குறைந்தது மூன்று வருடம் பிந்தியது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், ரொன்னும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் படம் எதையும் எனக்குக் காட்டவில்லை. என் அறிவில் அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். அவருடைய தகப்பன் அவருக்குச் சொல்லி வைத்திருந்த ஒரு நல்ல கதையை நான் பறித்துவிட்டேன் என்று எனக்குப் படவே இல்லை.

இந்தக் கண்ணோடுதான் நான் உங்கள் கலியாணம் பேச மதுரா வீட்டுக்கு வந்தேன். பாரிசில் இருந்து லண்டன் பார்க்கிங் பகுதிக்கு வந்து குடியேறிய குடும்பம் என்றதுமே எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. நன்றாக இருந்த இடத்தை விட்டு ஏன் வந்தார்கள்? பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்கு என்று அவளுடைய அம்மா சொன்னா. நூறு குடும்பம் சொல்லுகிற காரணம், உண்மையான காரணம். எனக்கு அது போதவில்லை. பாரிசில் என்னோடு ஊரில் படித்த ஒருவன் இருக்கிறான், அவனிடம் விசாரித்தேன். மதுராவின் அப்பா மாபிள் பதிக்கிற வேலை, குடிப்பதில்லை, ஆட்களோடு அதிகம் பழகமாட்டார், நல்ல மனுசன் என்றான். "அதிகம் பழகமாட்டார்" என்பதை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று அவளுடைய அம்மா அல்பம் கொண்டுவந்தா, ஞாபகம் இருக்கிறதா? நீயும் மதுராவும் சோபாவில் இருந்து சிரித்தீர்கள். ஒரு படத்தில் பழக்கடை ஒன்றின் முன்னால் அவளுடைய அப்பா, தோளில் சின்ன மதுரா, கையில் கேக் பெட்டி. "இது இவவின்ர மூண்டாவது பிறந்தநாள், அப்பாதான் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவர்" என்று அவளுடைய அம்மா சொன்னா. எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். நான் பின்னால் இருந்த பழத் தட்டைப் பார்த்தேன். விலை அட்டையில் யூரோ குறி. நீங்கள் சாப்பாட்டு மேசைக்கு எழும்பிப் போன நேரத்தில் அந்தப் படத்தை என் தொலைபேசியில் பிடித்தேன். ஆம், திருட்டுத்தனமாக. வீட்டுக்கு வந்து, ரயில் படங்களைப் பெருப்பிக்கிற மாதிரியே பெருப்பித்துப் பார்த்தேன். மதுராவின் பிறந்த வருடம் சாதகத்தில் இருந்தது. கூட்டிப் பார்த்தேன். மூன்றாவது பிறந்தநாளுக்கு யூரோ இன்னும் கைக்கு வரவில்லை. அந்த வருடம் விலை எழுதியிருந்தால் பிராங்கிலும் எழுதியிருக்க வேண்டும். இது நாலாவது பிறந்தநாள். அப்படியானால் மூன்றாவது பிறந்தநாளுக்கு இந்த ஆள் எங்கே? அதற்கு முந்திய இரண்டுக்கும் எங்கே? அல்பத்தில் அந்த வருடங்களில் தகப்பன் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேறொரு குடும்பம் இருந்திருக்கும் என்று ஒரு நாள் நினைத்தேன். சிறையில் இருந்திருப்பார், ஏதோ கள்ளக் கிரெடிட் மட்டை விவகாரம் என்று மறுநாள் நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன். "படத்தைப் பார்த்தால் பிள்ளையைப் பாருங்கோ" என்றாள். அவளுக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன்.

நாள் வைக்க அவர்கள் நம் வீட்டுக்கு வந்த அன்று நடந்ததை நீ என் பக்கத்தில் நின்று பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் கணக்கில் நான் கோபத்தில் செய்ததாக இருக்கும். இல்லை. நான் முதல் நாளே அந்தப் படத்தை அச்செடுத்து மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். மதுராவின் அப்பா ரயிலைப் பார்க்க ஆசைப்பட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், மேடையில் நிற்கும் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அண்ணை, இது முழுக்க உங்கட கையாலயோ?"

"ஓம்."

"ஒரு பிழையும் இல்லையோ?"

"இருந்தால் நான் விடமாட்டன்." அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "பிழை உங்கட அல்பத்திலதான் ஒண்டு கிடக்கு."

படத்தை எடுத்துப் பலகையில் வைத்தேன். விலை அட்டையைக் காட்டினேன். பிராங்க், யூரோ, வருடம் எல்லாம் சொன்னேன், மண்டபத்தில் சொல்லுகிற அதே குரலில். "அப்ப மூண்டாவது பிறந்தநாளுக்கு நீங்கள் எங்க இருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் கையைப் பின்னாலிருந்து எடுத்தார். இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றார். பிறகு பேசத் தொடங்கினார், ஆனால் அது அவருடைய பேச்சு இல்லை. "எனது பெயர்" என்று தொடங்கி முழுப் பெயரையும் சொன்னார். பிறந்த இடம், திகதி. நாட்டை விட்டு வெளியேறிய திகதி. எந்த வழி. வந்து சேர்ந்த திகதி. ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் நிறுத்திக் காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று உனக்கு விளங்கியிருக்காது, நீ இங்கே பிறந்தவன். அகதி விசாரணையில் இருக்கிற மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திருந்தார், தம்பி. அவருடைய வசனத்தை வேறொருவர் வேறு மொழியில் சொல்லி முடிக்கும்வரை. இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த இடைவெளி ஒரு விநாடி பிசகவில்லை. மதுரா, "அப்பா, நிப்பாட்டுங்கோ" என்றாள். அவர் நிறுத்தவில்லை, முடியும்வரை சொன்னார். நீ என்னைப் பார்த்து, "காணும் அப்பா. இது உங்கட கேற் இல்லை" என்றாய். படியில் இறங்கும்போது மதுரா தன் அம்மாவிடம், "அப்ப அந்த வருசங்கள் அப்பா எங்க இருந்தவர்?" என்று கேட்டது எனக்கு மேலே நின்றே கேட்டது.

வெளிக்கதவு சாத்திய பிறகு நான் முதலில் என்ன உணர்ந்தேன் என்று சொன்னால் உனக்கு என்னோடு இன்னும் கோபம் வரும், வரட்டும். நான் சரி என்று உணர்ந்தேன். பத்து நிமிடம் வரைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அம்மா மேலே வந்தாள். பலகையில் கிடந்த படத்தை எடுத்து இரண்டாக மடித்தாள். "உங்கட படத்தை ஆரும் இப்பிடிப் பெருப்பிச்சுப் பார்த்திருந்தால்?" என்றாள்.

நான் லண்டனுக்கு வந்த முதல் மாதம் எடுத்த படம் என்று நம் வீட்டு அல்பத்தின் முதல் பக்கத்தில் ஒன்று இருக்கிறதே, பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன்னால், கறுப்பு ஓவர்கோட்டோடு. சின்ன வயதில் அதை எத்தனை தரம் எடுத்துப் பார்த்திருக்கிறாய். அது லண்டன் இல்லை. பாங்கொக்கில் ஒரு ஸ்ரூடியோ. கோபுரம் பின்னால் தொங்கிய துணியில் கீறிய ஓவியம். கோட் வாடகைக்கு எடுத்தது. வெயிலில் நான் அவிந்துகொண்டு நின்றேன். காலில் ரப்பர் செருப்பு, அதனால்தான் படம் முழங்காலோடு முடிகிறது. மிச்சத்தை வெட்டியவன் நான்தான். கொழும்பிலிருந்து நேரே விமானம் ஏறி வந்திறங்கினேன், மூன்றாம் மாதம் அம்மாவைக் கூப்பிட்டேன் என்று உனக்குச் சொன்னது பொய். நடுவில் இரண்டு வருடம் இருக்கிறது. ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் விட்டுவிட்டுப் போனான். இன்னொருவனின் பாஸ்போட்டோடு ஏறப் போய்ப் பிடிபட்டு எட்டு மாதம் தடுப்பு முகாமில் இருந்தேன். அந்த எட்டு மாதத்தில் நடந்ததை இந்தக் கடிதத்திலும் எழுதப் போவதில்லை. அம்மா அந்த இரண்டு வருடமும் கொழும்பில் ஒரு அறையில் இருந்துகொண்டு, அவர் லண்டனில் சுகமாக இருக்கிறார் என்று எல்லாருக்கும் இந்தப் படத்தைக் காட்டினாள். ஜனவரி முதலாம் திகதி என் பிறந்தநாளும் இல்லை. அது படிவம் நிரப்பியவர் போட்டது. நான் பிறந்தது ஆவணியில். வானவேடிக்கை எல்லாம் அப்பாவுக்காகத்தான் விடுகிறார்கள் என்று நீ ஐந்து வயதில் நினைத்தாய், அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

இப்போது விளங்குகிறதா, விலை அட்டை ஏன் என் கண்ணில் முதலில் பட்டது என்று? கள்ளனுக்குத்தான் கள்ளச் சாவி தெரியும். நம் சனத்திடம் ஊர் கேட்கலாம், பள்ளிக்கூடம் கேட்கலாம், யாருடைய மருமகன் என்று கேட்கலாம். வருடம் கேட்கக் கூடாது. எந்த வருடம் வந்தீர்கள், எந்த வழியால் வந்தீர்கள், அதற்கு முன் எங்கே என்று கேட்கக் கூடாது. அதை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. ஐம்பத்தைந்தாம் ஆண்டுக் கோடை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றும் இந்த ஆறு கிழமையில்தான் யோசித்தேன். அப்போது நான் பிறக்கவில்லை. அந்த ஸ்டேஷனில் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக ரயிலை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. விடவில்லை. நேற்றும் சிக்னல் கம்பிக்கு நிறம் பூசினேன்.

உனக்கும் ஒரு நாள் சந்தேகம் வரும், தம்பி. வராமல் இருக்காது, என் இரத்தம்தானே. மதுரா தாமதமாக வருவாள், தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பாள், ஒரு பெயரைச் சொல்லி நடுவில் நிறுத்துவாள். அப்போது நான் செய்ததுபோல் தடயம் சேர்க்காதே. தடயம் சேர்க்கிறவனுக்குத் தடயம் கிடைத்துக்கொண்டே இருக்கும். கேட்கக்கூடியது என்றால் முகத்துக்கு நேரே, தனியாக இருக்கும்போது கேள். கேட்கக்கூடாதது என்றால் உன் நாக்கைக் கடித்துக்கொள். எது எது என்று தெரியாவிட்டால் உன் அம்மாவிடம் கேள். முப்பத்தேழு வருடமாக அவள் அந்த எட்டு மாதம் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. அவளுக்கு அக்கறை இல்லை என்றுகூட நான் சில காலம் சந்தேகப்பட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு மோசமான ஆள் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது அம்மாவுக்கும் தெரியாது. போன வெள்ளிக்கிழமை பார்க்கிங்குக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, வேவு பார்க்கப் போனேனா என்று கதவு திறக்கும்வரை எனக்கே நிச்சயமில்லை. மதுராவின் அப்பா வேலை உடுப்போடு வந்து கதவைத் திறந்தார். முழங்காலில் சீமெந்துத் தூள்.

"என்ன அண்ணை, இன்னும் கேள்வி இருக்கோ?"

"இல்லை. ஒரு படம் காட்டிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்."

உள்ளே விட்டார். நான் மணிக்கூட்டுக் கோபுரப் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"லண்டன்."

"பாங்கொக். துணியில கீறினது. கோட் வாடகை."

அவர் சிரிக்கவில்லை. படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேற்றடியில் நான் ஆட்களைப் பார்த்த அதே பார்வை. "இதை ஏன் எனக்குக் காட்டுறியள்?"

"ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லை. கேக்க முதல் சொல்லிப்போடுவமெண்டு."

இரண்டு வருடத்தையும் சொன்னேன். தடுப்பைச் சொன்னேன், பிறந்தநாளைச் சொன்னேன். என் வாழ்க்கையில் கடகடவென்று ஒரு மனுசனிடம் இவ்வளவு சொன்னது அதுதான் முதல் தரம். அன்றைக்கு உங்களிடம் கேட்டது பெரிய பிழை என்றும் சொன்னேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ர கதையை நான் உங்களுக்குச் சொல்லமாட்டன்" என்றார்.

"வேண்டாம்."

"பிள்ளைக்குச் சொல்லிட்டன். அவளுக்கு அது காணும்."

எனக்குக் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். தேத்தண்ணியைக் குடித்தேன். வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடும்போது அவர், "புதன்கிழமை பொன்னுருக்கு எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். நேரம் எனக்குத் தெரியாது, ஹரோவில் என் தம்பி வீட்டில் என்று கேள்விப்பட்டேன் என்றேன். அவருக்கு அது புதினம். நீ அவருக்கு இடம் சொல்லியிருக்கவில்லை.

"ஹரோவிலயோ? மாப்பிள்ளைக்கு ஹரோவிலயோ வீடு?"

நான் குனிந்து சப்பாத்து நாடாவை முடிந்தேன்.

"அண்ணை, நான் சொல்லுறன். தகப்பன் இருக்கேக்க வேற வீட்டில உருக்கின பொன் என்ர பிள்ளையின்ர கழுத்தில ஏறாது. உங்கட வீட்டிலயெண்டால் வாறன். வேற இடமெண்டால் என்னைப் பார்க்காதேங்கோ." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அதை எனக்குக் காட்டிய கருணை என்று எடுப்பதா, தன் மகளின் தாலிக்காக எடுத்த பிடிவாதம் என்று எடுப்பதா? பார்க்கிங்கிலிருந்து பிளேஸ்டோவுக்கு மூன்று தரிப்பு. மூன்று தரிப்பும் அந்த மனுசனின் வார்த்தைக்குள் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று கிண்டிக் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஸ்டேஷனில் இறங்கி, கேற்றைத் தாண்டி, சுவரோரம் நின்று அழுதேன்.

அவர் இதை உன்னிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால், அவரை வைத்து உன்னை மடக்குகிறேன் என்று நினைப்பாய். நினைப்பதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. முன்னறையில் சோபாவை வெளியே எடுத்தால் பத்தருக்கும் அடுப்புக்கும் இடம் காணும். பெண் பகுதிக்குப் பதினைந்து கதிரை போடலாம், மிச்சச் சனம் நடையில் நிற்கட்டும். அறுகம்புல்லு யார் வீட்டில் வளர்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். விளக்கு இன்னும் பயணப் பைக்குள்தான் இருக்கிறது, நான் தொடவில்லை. நீ ஹரோதான் என்றால் நான் ஹரோவுக்கு வருவேன், பின்வரிசையில் இருப்பேன், ஒரு முகமும் சுழிக்க மாட்டேன்.

உன் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய எனக்கு வழிகள் இருக்கின்றன. அம்மாவின் தொலைபேசி மேசையில் கிடக்கிறது. ஹரோவில் உன் சித்திக்கு ஒரு கோல் எடுத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும். இந்த முறை யாரிடமும் விசாரிக்கவில்லை. உன்னிடமே கேட்கிறேன்.

புதன்கிழமை காலமை வீட்டுக்கு வாறியோ, தம்பி?

அப்பா